ஆறு ஆங்கில வார்த்தைகளும் ஒரு ஐஸ் அறைக் கதவும்

மனித உயிரின் விலை இரண்டு டீக்காசு. பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒன்றரை டீக்கே படியும்.

இரும்புச் சாமான் கடையில் நேரில் விசாரித்துவிட்டுத்தான் கஜக்கோல் இதை அறிவித்தான். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஸ்பிரிங்கை மேஜைமேல் உருட்டிவிட்டான். அது உருண்டு போய் அண்ணியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் முட்டி நின்றது.

"இதுதான் அண்ணி. ஐஸ் அறைக் கதவோட உள்கைப்பிடிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங். இது உடைஞ்சா கைப்பிடி கிளிக்கூண்டு கொக்கி மாதிரி சும்மா ஆடும். கதவு திறக்காது. கடைக்காரன் மூணு டீக்குச் சொன்னான். எழுந்து போற மாதிரி ஒரு நடிப்பு போட்டேன், ரெண்டுக்கு இறங்கிட்டான். இன்னொரு தரம் நடிச்சிருந்தா..."

"வாங்கினியா, நடிச்சிட்டு வந்துட்டியா?"

"வாங்கிட்டேன். சாட்சிப் பொருள்."

"உடைஞ்சுபோன பழைய ஸ்பிரிங்குதான் சாட்சி. இது வெறும் பொருள். ஓரமா வை."

அண்ணி என்பது கஜக்கோலுக்கு உறவுமுறை. மற்றவர்களுக்கு அதுவே பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், திரைச்சீலைக் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்துத் தனியாகத் துப்பறியத் தொடங்கினாள். குடும்பத்தின் மொத்த வியாபாரத் துணிக்கடை படுத்துவிட்டபோது, அங்கே துணி அளந்துகொண்டிருந்த கொழுந்தனையும் கூட வைத்துக்கொண்டாள். ஆள் நல்ல உயரம், உடம்பில் சதையே கிடையாது. கஜக்கோல் என்ற பெயரை அவனுக்கு யாரும் யோசித்து வைக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் வாயில் வந்துவிட்டது.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவளுடைய அண்ணன் இன்ஷூரன்ஸ் சர்வேயர். கிடங்கு, மில், தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, இது பாதுகாப்பான இடம், காப்பீடு கொடுக்கலாம் என்று எழுதித் தருவது அவர் தொழில். அப்படி அவர் எழுதித் தந்த ஒரு பழக்கிடங்கின் மூன்றாம் ஐஸ் அறையில், சுமை தூக்குகிறவர் ஒருவர் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்துப்போனார். உள்கைப்பிடி வேலை செய்யவில்லை. வேலை செய்கிறது என்று ரிப்போர்ட் சொன்னது. ரிப்போர்ட் எழுதியவர் இப்போது சிறையில்.

"ரிப்போர்ட் அப்படிச் சொல்லலை மேடம். அதைத்தான் ஒருத்தரும் படிக்க மாட்டேங்கறாங்க." அவள் நகலைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

அண்ணி வாய்விட்டுப் படித்தாள். "டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்... எனக்குத் தெரிந்தவரை, மூன்றாம் அறையின் உள்கைப்பிடி வேலை செய்கிறது."

"அந்த ஆறு வார்த்தையிலதான் எங்க அண்ணன் உசுரு இருக்கு. நான் பார்த்தேன்னு அவரு எழுதலை. அவருக்குத் தெரிஞ்சவரைன்னுதான் எழுதியிருக்காரு. கிடங்கு மேனேஜர் வேலை செய்யுதுன்னு சொல்லியிருப்பான், இவரு நம்பியிருப்பாரு. ஏமாந்தது குத்தமா? ஆனா போலீஸ் வக்கீல் என்ன சொல்றாருன்னா, அந்த ஆபீஸ்ல எல்லா ரிப்போர்ட்லயும் அந்த ஆறு வார்த்தை வருதாம். அது சும்மா அலங்காரமாம். அதை உருவிட்டுப் பார்த்தா, பார்க்காததைப் பார்த்தேன்னு பொய்ச் சான்று கொடுத்ததா ஆகுதாம்."

"மேனேஜர் என்ன சொல்றான்?"

"அவனும் உள்ளதான் இருக்கான். வாயே திறக்கலை. இன்னிக்கு மத்தியானம் ஜாமீன் விசாரணை. அந்த வார்த்தை எங்க அண்ணன் கையில அலங்காரம் இல்லைன்னு காட்டிட்டா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு மேடம். ஆறிப்போன டீயைக் கொடுத்துட்டு சூடா இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லிட்டுக் குடிக்கிற ஆளு."

"கட்டிக்கிட்ட பொண்ணு பாவம்" என்றான் கஜக்கோல்.

"கட்டிக்கலை. ஜாதகம் பார்க்கப் போன இடத்திலயும் உண்மையைப் பேசினாரு."

கஜக்கோலுக்கு முதல்முறையாக அந்தச் சர்வேயர்மேல் ஒரு மரியாதை வந்தது.

*

சர்வேயரின் அலுவலகம் ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்தது. நான்கு மேஜை, நாற்பது மேஜைக்கான தூசி. முதலாளி போலீஸ் விசாரணைக்குப் பயந்து ஊரில் இல்லை. டைப்பிஸ்ட் அம்மா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் கேட்காத ரிப்போர்ட் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். அண்ணி கேட்டதும் எழுந்து அலமாரியைத் திறந்துவிட்டார். அவருக்கும் சர்வேயர்மேல் பிரியம் இருந்தது தெரிந்தது.

ரிப்போர்ட் கட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க கஜக்கோலின் முகம் மலர்ந்தது. போலீஸ் வக்கீல் சொன்னதில் தப்பே இல்லை. அந்த அலுவலகத்தில் அந்த ஆறு வார்த்தை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழுந்திருந்தது.

"அண்ணி, இதைக் கேளுங்க. 'எனக்குத் தெரிந்தவரை நான் நேற்று நேரில் சென்று பார்த்தேன்.' போனாரா, போன மாதிரி ஞாபகமா?" அடுத்ததை எடுத்தான். "இது லீவு லெட்டர். 'எனக்குத் தெரிந்தவரை நாளை எனக்குக் காய்ச்சல்.' ஜோசியர் போலிருக்கு. இது இன்னும் ஜோர். குடும்ப விவரம் எழுதிக் கொடுக்கச் சொன்னதுக்கு, 'எனக்குத் தெரிந்தவரை எனக்கு இரண்டு குழந்தைகள்.' இதை அவர் வீட்டம்மா படிச்சாங்களா?"

டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் நான் போடறதுதான் தம்பி. யார் என்ன சொன்னாலும் முன்னாடி அதை வச்சுடுவேன். லெட்டருக்கு ஒரு களை வருமில்ல? யாரும் வேண்டாம்னு சொன்னதில்லை."

"சர்வேயர்?" என்றாள் அண்ணி.

சிரிப்பு நின்றது. "அவரு ஒருத்தர்தான் திருப்பி அடிக்க வைப்பாரு. 'நான் கண்ணால பார்த்துட்டு வந்திருக்கேன்மா, எனக்குத் தெரிஞ்சவரைன்னு ஏன் போடறீங்க? எடுங்க அதை'ன்னு சொல்லுவாரு."

"எப்பப் போடச் சொல்லுவாரு?"

"நேர்ல பார்க்க முடியாத விஷயத்துக்கு மட்டும்தான். அதுக்கும் ஒரு பிரசங்கம் உண்டு. 'பார்க்கலைன்னாப் போடலாம்மா. ஆனா விசாரிச்சிருக்கணும், நம்பவும் நம்பணும். உள்ளுக்குள்ள ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு மேல இதை எழுதினா, அது சாதாரணப் பொய்யைவிடக் கேவலம்'னு சொல்லுவாரு. நான் சரி சார், சரி சார்னு கேட்டுப்பேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகும்."

அண்ணி அதை அப்படியே, ஒரு சொல் விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

கஜக்கோலுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "எங்க கடைப் பேச்சுதான் அண்ணி இது. நாமளே துவைச்சுப் பார்த்த துணின்னா, 'சாயம் போகாது'ன்னு அடிச்சுச் சொல்லுவோம். மில்காரன் சொன்னதை நம்பி விக்கிறோம்னா, 'சாயம் போகாதாம்'னு சொல்லுவோம். அந்த ஒரு இழுவையிலயே கெட்டிக்கார வாடிக்கை புரிஞ்சுக்கும். இந்தாளு இங்கிலீஷ்ல 'ஆம்' போட்டிருக்காரு."

"உங்க கடை ஏன் படுத்ததுன்னு இப்பப் புரியுது. எல்லாத்துக்கும் 'ஆம்' போட்டிருப்பீங்க."

சர்வேயரின் கட்டு தனியாக இருந்தது. தடியான கட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். 'பார்த்தேன்', 'அளந்தேன்', 'தட்டிப் பார்த்தேன்', 'ஏறிப் பார்த்தேன்'. அந்த ஆறு வார்த்தை மொத்தக் கட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தது. அப்படி எழுதியதில் பக்கத்துத் தெருவில் இருந்த மாவு மில் ஒன்று.

"அந்த ஐஸ் அறை ரிப்போர்ட்டை நீங்கதானே அடிச்சீங்க?" என்று கிளம்பும்போது அண்ணி கேட்டாள்.

"ஆமாம்மா. சொல்லச் சொல்ல அடிச்சேன். அந்த வரி வந்தப்ப எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னாரு. நான் விரலைத் தூக்கி வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொன்னாரு. அலுப்பா இருந்திருக்கும். அந்தக் கிடங்குதான் எங்களுக்குப் பெரிய பார்ட்டி. முதலாளி காலையிலிருந்து ரிப்போர்ட் எங்க, ரிப்போர்ட் எங்கன்னு உசுரை வாங்கிட்டிருந்தாரு."

*

மாவு மில்காரர் தலை முதல் கால்வரை வெள்ளையாக இருந்தார். புருவத்தைத் துடைத்தால்தான் கண் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"ஞாபகம் இருக்கு. மறக்க விட்டாத்தானே? மேல் குழாயில மாவுத்தூசி சேர்ந்தா தீப்பிடிக்கும். அதைப் பார்க்கணும்னாரு. அன்னிக்குன்னு பார்த்து ஏணி முறிஞ்சு கிடந்தது. ஏற முடியலை. குழாயைச் சுத்தம் பண்ணியாச்சுங்கன்னு நான் சொன்னேன். எழுதிக்கிட்டுப் போவாருன்னு பார்த்தா, சுத்தம் பண்ணின ஆளைக் கூப்பிடுங்கறாரு. அவன் சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். போன் போட்டு, தாலி கட்டுற நேரத்துல அவனைக் கூப்பிட்டு, குழாயைச் சுத்தம் பண்ணினியா, எதால பண்ணின, எவ்வளவு மாவு விழுந்ததுன்னு கேட்டாருங்க. அப்புறம்தான் எழுதினாரு."

"எப்படி எழுதினாருன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரிந்தவரைன்னு எழுதினாரு. எனக்குக் கோபம். இவ்வளவு விசாரிச்சும் இன்னும் என்ன தெரிஞ்சவரைன்னேன். 'நான் பார்க்கலையே சார்'னாரு."

இதையும் அண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கினாள். காகிதமெல்லாம் மாவாகிவிட்டது.

வெளியே வந்ததும் கஜக்கோல் தரையிலேயே நடக்கவில்லை. "முடிஞ்சது அண்ணி. இந்த மனுஷன் கையில அது அலங்காரம் இல்லை, தராசு. பார்த்ததுக்கு ஒரு தட்டு, கேட்டதுக்கு ஒரு தட்டு. ஐஸ் அறைக் கைப்பிடியை அவர் கேள்விப்பட்டுத்தான் எழுதியிருக்காரு. பொய்ச் சான்று கேஸ் புஸ்ஸுன்னு போச்சு."

"ம்."

"அந்த 'ம்'முக்கு எவ்வளவு விலை? சிரிச்சா நான் காசா கேட்கப் போறேன்?"

"மாவு மில்லுல கல்யாண வீடு வரைக்கும் விசாரிச்ச ஆளு, ஐஸ் அறையில ஒரு மேனேஜர் பேச்சோட விட்டுட்டாரா?"

ஆனால் நேரம் இல்லை. தங்கைக்காரி கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டுத் தெருமுனையில் காத்திருந்தாள். கையெழுத்துக் காகிதங்களை வாங்கி எண்ணிப் பார்த்தாள். அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினாள். சற்று நேரத்தில் வக்கீலே போனில் வந்தார். அருமை, பிரமாதம் என்று ஏகப்பட்ட அடுக்கு. மனுவோடு சேர்த்து நீதிபதி மேஜைக்கே அனுப்பியாயிற்றாம். இன்னும் ஒன்றே ஒன்று வேண்டுமாம். கைப்பிடி வேலை செய்கிறது என்று மேனேஜர் சர்வேயரிடம் சொன்னதைக் காதால் கேட்டவர் யாராவது கிடைத்தால் போதும்.

"கதவுப் பக்கம் எப்பவும் ஒரு ஆள் இருக்கும்" என்றாள் அண்ணி. "வா."

*

பழக்கிடங்கின் உள்ளே நுழைந்ததும் ஆப்பிள் வாசனை மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னாலேயே குளிர் வந்து காதைப் பிடித்துத் திருகியது. குளிர் எந்திரம் சுவரெல்லாம் அதிர முழங்கிக்கொண்டிருந்தது. நீளமான நடையின் ஒரு பக்கம் வரிசையாக இரும்புக் கதவுகள். மூன்றாம் கதவுக்குக் குறுக்கே போலீஸ் கட்டிய கயிறு. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஜோடி ஜோடியாகச் செருப்புகள்.

"என்ன அண்ணி, உள்ள சாமி இருக்கா?"

"பூட்ஸ் மாத்திக்கிட்டு உள்ள போறாங்கய்யா" என்று ஒரு குரல் பதில் சொன்னது. "யார் செருப்பு வெளியில இருக்கோ, அவங்க உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி செருப்பைத்தான் பார்க்கணும். எந்திரச் சத்தத்துல கூப்பிட்டாக் கேட்காது."

கம்பளித் துணியால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கதவு திறப்பதும் சாத்துவதும் அவள் வேலை. கிடங்கில் எல்லோரும் கதவுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அண்ணி தான் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னாள். கதவுக்காரம்மா கேட்டுக்கொண்டே ஒரு பழப்பெட்டியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றாள்.

"சர்வேயர் வந்த அன்னிக்கு நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதான். நல்ல மனுஷன். எனக்கே வணக்கம் சொன்னாரு."

"மேனேஜர்கிட்ட கைப்பிடியைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு. அறை முழுக்கப் பெட்டி அடுக்கி, உள்ள நின்னு கதவைச் சாத்திப் பார்க்க இடமே இல்லை. இறக்கினாத்தான் பார்க்க முடியும். மேனேஜர், 'அதெல்லாம் ஜோரா வேலை செய்யுது சார், எழுதிக்கங்க'ன்னாரு."

கஜக்கோல் அண்ணியின் முழங்கையை லேசாக இடித்தான். இதுதான் வக்கீல் கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை. அவன் பாக்கெட்டிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டான்.

அண்ணி பேனாவைக் கையில் வாங்கவில்லை. "அதோட விட்டுட்டாரா? வேற யாரையும் கேட்கலையா?"

கதவுக்காரம்மா தன் பாதங்களைப் பார்த்தாள்.

"மேனேஜருக்கு போன் வந்துச்சு. அந்தப் பக்கம் போயிட்டாரு. சர்வேயர் என்கிட்ட வந்து, 'நீங்க சொல்லுங்கம்மா, உள்ள இருந்து திறக்குமா'ன்னு கேட்டாரு."

எந்திரம் முழங்கிக்கொண்டே இருந்தது.

"திறக்காதுன்னு சொன்னேன். ஸ்பிரிங்கு உடைஞ்சு ரொம்ப நாளாச்சு, மேனேஜர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, எங்க வீட்டுக்காரரு அந்த அறைக்குள்ள போறப்பவெல்லாம் எனக்கு வயித்துல நெருப்பைக் கட்டின மாதிரி இருக்குன்னு சொன்னேன். 'சரிம்மா, நான் எழுதிடறேன்'னாரு."

"உங்க வீட்டுக்காரரு..."

"அவருதான்" என்றாள் கதவுக்காரம்மா, மூன்றாம் கதவைப் பார்க்காமல்.

கஜக்கோல் பேனாவைத் திரும்பப் பாக்கெட்டில் செருகினான். அது நிற்காமல் கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னீங்களா?" அண்ணியின் குரல் தாழ்ந்திருந்தது.

"அவங்க வேறதான் கேட்டாங்க. கதவைச் சாத்தினது யாருன்னு கேட்டாங்க."

"யாரு?"

"என் வேலை அதுதானேம்மா."

அவள் கம்பளித் துணியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். "அன்னிக்குக் காலையில அவரு செருப்பு அறுந்துபோச்சு. வீட்டு வாசல்ல, என் கண்ணு முன்னாடிதான். தைக்க நேரமில்லைன்னு, கழுவ வீட்டுக்கு எடுத்துட்டு வந்த பூட்ஸை மாட்டிக்கிட்டே வேலைக்கு வந்தாரு. சாயங்காலம் சாத்துறப்ப பார்த்தேன். மூணாம் கதவு வாசல்ல ஒரு செருப்பும் இல்லை. எல்லாரும் போயாச்சுன்னு சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அறுந்தது எனக்குத் தெரியும். அந்த நேரத்துல ஞாபகம் வரலை. ஜன்னலோரம் சாப்பாடு போட்டு மூடி வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். சிநேகிதக்காரன் வீட்டுக்குப் போயிருப்பாருன்னு கோபம் வேற."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸ் அறையை விடக் குளிர்ந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர் அய்யா நல்லாத்தான் பேசினாரு. 'உள்ள இருந்து திறக்கலாம்னு ரிப்போர்ட்ல இருக்கும்மா. அதை நம்பித்தானே நீ சாத்தியிருக்கே? உன்மேல தப்பு இல்லை, போ'ன்னுட்டாரு. நான் பேசாம வந்துட்டேன்."

கஜக்கோலுக்கு அப்போதுதான் முழுத் துணியும் விரிந்தது. சர்வேயர் எழுதிய அந்தப் பொய் வரிக்குக் கீழேதான் இந்த அம்மா ஒதுங்கி நிற்கிறாள். கைப்பிடி திறக்காது என்று இவளுக்குத் தெரியும் என்பது வெளியே வந்தால், தெரிந்தே சாத்தினாய் என்று இவளையும் இழுப்பார்கள். அந்த வரியைத்தான் அவனும் அண்ணியும் காலையிலிருந்து ஓடி ஓடிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது அலங்காரமாகவே இருந்திருந்தால் சர்வேயர் கவனக்குறைவான ஆள் என்பதோடு போயிருக்கும். அந்த ஆறு வார்த்தையை அவர் எடை போட்டுத்தான் எழுதுவார், மனசார நம்பினால்தான் எழுதுவார், இல்லாவிட்டால் அது பொய்யைவிடக் கேவலம் என்று அவரே சொல்வார் என்றெல்லாம் கையெழுத்தோடு நீதிபதி மேஜைக்கு அனுப்பியது யார்?

"கோர்ட்ல கூப்பிட்டா..." என்று தொடங்கினான்.

"கூப்பிட்டாச் சொல்லிடுவேன்யா. என்னவோ, போலீஸ் கேட்கலை. கேட்டா எப்படி இல்லைங்கறது? அந்த மனுஷன் சரிம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. நான் நம்பி அன்னிக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட, இனிமே பயமில்லைன்னு சொன்னேன்."

*

கிடங்கு வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. சர்வேயரின் தங்கை. குரலில் மூச்சு நிற்கவில்லை.

"மேடம், ஜட்ஜ் ஒத்துக்கிட்டாரு. அந்த ஆறு வார்த்தை அலங்காரம் இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு. டைப்பிஸ்ட் அம்மா சொன்னதை ரெண்டு தடவை படிச்சாரு. ஜாமீனை மட்டும் தள்ளி வச்சிருக்காரு. சர்வேயர்கிட்ட யார் என்ன சொன்னாங்கன்னு தெரியணுமாம். கதவுகிட்ட வேலை பார்க்கிறவங்களுக்கு சம்மன் போயிடுச்சு. அவங்க வந்து மேனேஜர் சொன்னதைச் சொல்லிட்டா அண்ணன் வீட்டுக்கு வந்துடுவாரு, இல்ல மேடம்?"

அண்ணி சாலையோரமாக ஒதுங்கினாள். "நீ எங்க இருக்கே?"

"கோர்ட் வராண்டாவுல. ஏன்?"

"அங்கயே இரு. நேர்ல வந்து பேசறேன்."

அந்தப் பக்கம் இருந்தவள் கண்ணாடிக் கடைக்காரி, மங்கலாக இருப்பதைப் படித்துப் பழகியவள்.

"போன்லயே சொல்லுங்க."

அண்ணி சொன்னாள். குறைக்கவில்லை, கூட்டவில்லை. மேனேஜர் சொன்னது, கதவுக்காரம்மா சொன்னது, சரிம்மா என்று அவர் சொல்லிவிட்டுப் போனது. கஜக்கோல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு லாரி ஆப்பிள் பெட்டிகளோடு திரும்பி உள்ளே போனது.

தங்கை பேசினாள். "அந்தம்மா தப்பாச் சொல்லலாமில்ல?"

"புருஷனைக் கொன்னது தன் கைதான்னு சேர்த்துச் சொல்றாம்மா. தப்பாச் சொல்றவ அதை ஏன் சொல்லணும்?"

"காசு வாங்கினாரா எங்க அண்ணன்?"

"இல்லை. எனக்கு அப்படித் தோணலை. அடுத்த வாரம் போய் மறுபடி பார்த்துக்கலாம், இப்போதைக்கு முதலாளி வாயை அடைக்கலாம்னு நினைச்சிருப்பாரு. அந்த வரியைச் சொல்றதுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட போய் நின்னாராம்."

"காசு வாங்கியிருந்தாக்கூடத் தேவலை" என்றாள் தங்கை. பிறகு, அவசரமாக, "அந்தக் காகிதத்தையெல்லாம் திருப்பி வாங்கிடலாமா மேடம்? தெரியாமக் கொடுத்துட்டோம்னு சொல்லி?"

"ஜட்ஜ் மேஜையில இருக்கும்மா. நாமதான் வச்சோம்."

"நான்தான் ஓடினேன்" என்றாள் அவள். போன் கட்டானது.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஐஸ் அறைக் குளிர் எலும்பில் இருக்க, தோல்மேல் வெயில் காய்ந்தது. கஜக்கோல் நீண்ட கால்களை மடக்கி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். கடையில் வளர்ந்தவனுக்கு, லாபமோ நஷ்டமோ, கணக்கைச் சொல்லாமல் கடையைச் சாத்தத் தெரியாது.

"வரவு சொல்றேன் அண்ணி. உண்மை, ஒண்ணு. வேற வரவு இல்லை. பற்று: சிறைக்குள்ள இருந்தவரு இனி வெளிய வர மாட்டாரு. வெளிய இருந்த அம்மா உள்ள போகப்போறாங்க. அண்ணனை நம்பிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு வராண்டாவுல நிக்கிறா. ஆக மூணு."

"செத்தவரை விட்டுட்டே."

"அவரு நாம கடை திறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாரே. நம்ம கணக்குல எப்படி வரும்?"

"வரும். சேர்த்துக்கோ."

"பற்றுலயா?"

"பாக்கியில வை."

"பாக்கின்னா யார் பேர்லயாவது எழுதணும் அண்ணி." அவன் விரலை மடக்கினான். "கிடங்குக்காரன். மேனேஜர். சர்வேயரோட முதலாளி. சர்வேயர். அந்தம்மா. அஞ்சு பேர் ஆச்சு. யாருக்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது?"

பஸ் வந்துகொண்டிருந்தது. அண்ணி கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"பிரிக்காதே" என்றாள் படியில் ஏறிக்கொண்டே. "அஞ்சு பேர் பேர்லயும் முழுசா எழுது."